எலியேசரும் விழாத இலத்திரனும்

உயர்தரப் பௌதிகவியலில் அணுவைப் படிக்கும்போது நாமெல்லோரும் ஒரு விடையை மனப்பாடம் செய்கிறோம். ஏற்றம் கொண்ட துணிக்கை ஆர்முடுகினால் கதிர்வீசும், சக்தியை இழக்கும். ஆகவே கருவைச் சுற்றும் இலத்திரன் சுருண்டு சுருண்டு கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். அப்படி விழாததால் பழைய பௌதிகம் போதாது. எழுதினால் புள்ளி கிடைக்கும், அத்தோடு மறந்துவிடுவோம்.

ஆனால், அந்தப் பழைய பௌதிகத்தின் சமன்பாட்டைக் கையில் எடுத்து, இலத்திரன் உண்மையிலேயே விழுமா என்று கணித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் நம் நாட்டவர், தமிழ் பேசியவர். சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கும் என் ராத்தாதான் அவர் பெயரை எனக்குச் சொன்னார்: பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர்.

1918ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி பிறந்த அவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கணிதம் படித்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று போல் டிராக்கிடம் ஆராய்ச்சி மாணவரானார். பருத்தித்துறை இலங்கையின் வடக்கு ஓரம். எங்கள் சாகாமம் கிழக்குப் பக்கத்தில் ஒரு மூலை. மூலையிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய கணிதம் தூரமானது என்று சொல்பவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள்.

டிராக் 1933இல் நோபல் பரிசு பெற்றவர். பேச்சுக் குறைந்தவர் என்பதும் உலகறிந்தது. எங்கள் வகுப்பில் சேர் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றாலே நாங்கள் பயந்துபோவோம். அப்படிப்பட்ட ஒருவரிடம் ஆராய்ச்சி செய்வது எப்படியிருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

டிராக் 1938இல், கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்துக்கு ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். அதில் ஒரு விசித்திரம் உண்டு. நியூற்றனின் விதிப்படி, விசை தெரிந்திருந்தால், ஒரு துணிக்கையின் ஆரம்ப நிலையும் வேகமும் போதும். பிறகு நடப்பதெல்லாம் கணிக்கலாம். அயர்லாந்துக்காரரான ஹமில்டன் 1834, 1835ஆம் ஆண்டுகளில் பொறியியக்கத்தைத் திருத்தி எழுதியபோதும், நிலை, உந்தம் என்ற இரண்டிலேயே எல்லாவற்றையும் நிறுத்தினார். டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் வந்துவிடுகிறது. ஆகவே ஆரம்ப ஆர்முடுகலையும் நாமே கொடுக்க வேண்டும்.

எலியேசர் ஐதரசன் அணுவை எடுத்துக்கொண்டார். இலத்திரன் நேர்கோட்டில் புரோத்தனை நோக்கி வருகிறது என்று வைத்து, ஆசிரியரின் சமன்பாட்டைத் தீர்த்தார். இலத்திரன் புரோத்தனில் மோதவே இல்லை! வழியில் நின்று, திரும்பி, கவரும் புரோத்தனை விட்டு விலகி, ஒளியின் வேகத்தை நெருங்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. இழுக்கிற பொருளிடமிருந்து இப்படி ஓடுவது எந்த இலத்திரனும் செய்யாத காரியம். கணக்கில் பிழையில்லை. ஆகவே பிழை சமன்பாட்டில் இருக்க வேண்டும். 1943இல் இம்முடிவு கேம்பிரிட்ஜ் தத்துவ சபையின் சஞ்சிகையில் வெளிவந்தபோது அவருக்கு வயது 25ஐத் தாண்டியிருக்கவில்லை. இன்றும் அது எலியேசர் தேற்றம் எனப்படுகிறது.

உலகமே போற்றும் ஆசிரியர் எழுதிய சமன்பாடு. அதை மதித்ததால்தான் கடைசி வரிவரை தீர்த்தார். தீர்த்ததால்தான் அது எங்கே உடைகிறது என்று தெரிந்தது. விடை சங்கடமாக வந்ததும் தாளை மடித்து வைத்துவிடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். 1948இல், அப்படி ஓடிப்போகாத வேறொரு சமன்பாட்டையும் அவரே முன்வைத்தார்.

நாடு திரும்பி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தார். 1959இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகம், 1968இல் மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகம் என்று அவர் பயணம் தொடர்ந்தது. அவுஸ்திரேலியாவில் தமிழர் அமைப்புகளிலும் முன்னின்று உழைத்தார்.

மெல்பேர்ணில், 1976இல், கிரே என்பவரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை எங்கள் பாடத்துக்கே கிட்ட வருகிறது. கிணற்றில் வாளியை இழுக்கும்போது அது இலேசாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிறு குறையக் குறைய அலைவு விரைவாகிறது, மீடிறன் கூடுகிறது. இது எளிமை இசை இயக்கம் அல்ல. இழுக்கும் கை வேலை செய்வதால் சக்தியும் காக்கப்படுவதில்லை. அப்படியானால் மாறாமல் இருப்பது எது?

இங்கேதான் ஹமில்டனின் வழி உதவுகிறது. நிலையை ஒரு அச்சிலும் உந்தத்தை மறு அச்சிலும் குறித்தால், சாதாரண ஊசலுக்கு ஒரு நீள்வளையம் கிடைக்கும். ஒரு அச்சை k மடங்கு நீட்டி மற்றதை k மடங்கு சுருக்கினால் அதை வட்டமாக்கலாம், பரப்பளவு மாறாது. எங்கள் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடி அகலம் குறைந்தாலும் ஒரு ஏக்கர் ஒரு ஏக்கர்தான். இப்படி, ஹமில்டனின் சமன்பாடுகளின் வடிவம் கெடாமல் ஆள்கூறுகளை மாற்றுவதை நியம உருமாற்றம் என்கிறார்கள். இரண்டு அச்சுகளையும் சேர்த்து நீட்டினால் பரப்பளவு மாறிவிடும். அது நியம உருமாற்றம் ஆகாது. பல்கலைக்கழகப் பரீட்சையில் மாணவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்கிறார் ராத்தா.

மீடிறன் மாறும் அலைவுக்கு மாறாத கணியம் ஒன்றை லூயிஸ் என்ற அமெரிக்கர் 1967இல் காட்டியிருந்தார். சரியான கோவைதான், ஆனால் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்றே புரியாது. எலியேசரும் கிரேயும் அதற்கு ஒரு படம் கொடுத்தார்கள். அதை நம் வாளியில் சொல்லிப் பார்க்கலாம். வாளி முன்னும் பின்னும் ஆடாமல், கூம்பு ஊசலைப் போல வட்டமிடுகிறது என்று வையுங்கள். முன்பின் அலைவு அந்த வட்டத்தின் நிழல் மட்டுமே. கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் இழுவை, கப்பியின் நேர்கீழ்க் கோட்டை நோக்கியே இருக்கும். அந்தக் கோட்டைப் பற்றித் திருப்பம் இல்லை. திருப்பம் இல்லையென்றால் கோண உந்தம் மாறாது. லூயிஸின் கடினமான கோவை வேறொன்றுமல்ல, அந்தக் கோண உந்தம்தான். கூம்பு ஊசல் தெரிந்த உயர்தர மாணவிக்கு இது விளங்கும். எனக்கு விளங்கிய அன்று நோட்டில் வாளியை வரைந்து வைத்தேன்.

எலியேசர் 2001 மார்ச் 10ஆம் திகதி மெல்பேர்ணில் காலமானார். நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பு. அவர் 1948இல் எழுதிய சமன்பாட்டை, 1991இல் ஃபோர்ட், ஓகொனல் என்ற இருவர் குவாண்டம் பொறியியல் வழியாக வந்து மீண்டும் அடைந்தார்கள். மிக வலிய லேசர் ஒளிக்குள் இலத்திரன் எப்படி இயங்கும் என்று ஆராய்பவர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். சமன்பாட்டுக்கு மூவரின் பெயரும் உண்டு. முதலில் வருவது எலியேசர்.