பாப்பாரப்பட்டியில் நிறைவுற்ற பயணம்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு விடுதலை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுத் தந்தவர் சுப்பிரமணிய சிவா. அவர் இம்மண்ணில் பிறந்தவர் அல்லர். 1884 அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தவர். அரசு அஞ்சிய கிளர்ச்சியாளர் ஒருவர், பதவி எதனையும் ஏற்காமலே நாடறிந்த தலைவராக உயர்ந்த வரலாறு அவருடையது.

திருவனந்தபுரத்தில் 'தர்ம பரிபாலன சமாஜம்' அமைத்து இளைஞர்க்கு விடுதலையுணர்வு ஊட்டினார். திருவிதாங்கூர் அரசு அவரை வெளியேற்றியது. தூத்துக்குடி வந்தவர் வ.உ.சிதம்பரனாரோடு இணைந்தார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்கு இருவர்தம் பேச்சும் உரமாயிற்று, தொழிலாளர் வென்றனர். மார்ச் 12-இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. சூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது.

சிவா சிறையில் இருந்த காலத்தில், வெளியே விடுதலை வேட்கை மறைவழி நாடியது. நீலகண்ட பிரம்மச்சாரி முதலானோர் பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பை வளர்த்தனர். 1911 சூன் 17-இல் வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷைச் சுட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார்.

1912 நவம்பரில் விடுதலையான சிவாவின் உடலைத் தொழுநோய் பற்றியிருந்தது. உள்ளமோ தளரவில்லை. 1913-இல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியின் எழுத்துகளுக்கு அவ்விதழ் இடமளித்தது. 1915-இல் தனித்தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசு என அறிவித்ததும் அதுவே. வடமொழிச் சார்புடைய ஆன்மிகப் பற்றாளர் ஒருவரின் இதழில் இவ்வறிவிப்பு வெளிவந்தது என்பது தமிழன்பர் மறக்கவொண்ணாதது.

தொழுநோயாளர் புகைவண்டியில் செல்லலாகாது என்னும் விதி அவர்க்கு அடுத்த தடையாயிற்று. அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். 1921-இல் துறவு பூண்டு சுதந்திரானந்தர் என்னும் பெயர் ஏற்றார். அவ்வாண்டே மீண்டும் சிறை புகுந்தார். பின்னர்ப் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் நிறுவினார். சாதி சமய வேற்றுமையின்றி யாவரும் வழிபடப் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப எண்ணினார். எந்த அன்னையின் பெயரால் இளைஞர் மறைவில் உறுதி பூண்டனரோ, அவ்வன்னைக்கே வெட்டவெளியில் கோயில் காண விழைந்தார் சிவா. 1923-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் வங்கத்துச் சித்தரஞ்சன் தாஸ். முந்தைய ஆண்டு கயாவில் கூடிய காங்கிரசு மாநாட்டின் தலைவர். அத்தகையோர் இச்சிற்றூர் தேடி வந்தமையே சிவாவின் தலைமைக்குச் சான்று.

தாஸ் 1925 சூன் 16-இல் மறைந்தார். ஐந்து வாரம் கழித்து, சூலை 23-இல், கோயில் எழக் காணாமலே சிவாவும் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார். அப்போது அவர்க்கு அகவை நாற்பது. இந்நூற்றாண்டிலேதான் அரசு அங்குப் பாரத மாதா நினைவாலயம் அமைத்தது.

சிதம்பரனாரின் தோழர் என்னும் ஒற்றை வரியில் சிவாவை அடக்கிவிடுவது நம் வழக்கமாயிற்று. மேடையை இழந்தபோது இதழையும், ஊர்தியை இழந்தபோது கால்களையும் கருவியாக்கிக்கொண்டவர் அவர். அவர் உறங்கும் மண்ணில் தமிழ் பயிலும் நாமேனும் அவரை முழுமையாய் அறிதல் கடன்.