கதவைத் தட்டிய பெண்கள்



திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு, உறவினரையோ பங்கு மக்களில் ஒருவரையோ பார்க்க நம்மில் பலர் சென்றிருப்போம். பெசன்ட் அவென்யூவில் உள்ள அவ்வை இல்லத்தையும் அறிவோம். இரண்டையும் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இவர் சேர்ந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால்தான் படிக்க முடிந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டமன்ற மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். 1930-இல் காந்தியடிகள் கைதானபோது அப்பதவியைத் துறந்தார்.

அதே ஆண்டில்தான், தேவதாசி வாழ்க்கை வேண்டாமென்று வெளியேறிய சில இளம்பெண்கள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரில் மாணவியர் விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை சாதிவாரியாக நடந்தவை. இப்பெண்களை ஏற்க மறுத்துவிட்டன. சட்டம் வந்தால் போதும் என்று அவர் காத்திருக்கவில்லை (தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் வந்தது). தம் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது.

மருத்துவமனையின் பின்னால் இருப்பது ஒரு சாவு. அவருடைய தங்கைக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். சீதபேதி என்று தவறாகக் கருதிச் சிகிச்சை செய்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் தங்கை இறந்தார். மருத்துவரான அக்காவே அருகிலிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை முப்பது ஆண்டுகள் அவருக்குள் இருந்திருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது. அவரோ இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார், பொதுமக்கள் கொடுத்தார்கள். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு இளம் மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-இல் இறக்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நீங்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று மறைந்தார். 82 வயது நிறைய எட்டு நாள்களே இருந்தன. அவ்வை இல்லத்தில் அப்போதும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.