பேஸ்போலின் கணக்கப்பிள்ளை

அமெரிக்கர் தம் தேசிய விளையாட்டென்று கொண்டாடும் பேஸ்போலில் 2023ஆம் ஆண்டு ஒரு கடிகாரம் புகுந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமளவு நேரம் யோசிக்கலாம் என்று பந்தெறிபவர் அனுபவித்து வந்த பழைய உரிமை போயிற்று. தளங்களில் ஓட்டக்காரர் எவருமில்லாத வேளையில் 15 விநாடிக்குள் அவர் எறிந்தாக வேண்டும். மூன்று மணித்தியாலத்தைக் கடந்து சென்றுகொண்டிருந்த ஆட்டம் சராசரி 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கியது. நடுவர் தீர்ப்பில் ஐயம் எழுந்தால் இயந்திரக் கண்ணிடம் முறையிடும் உரிமையும் 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கென வழங்கப்பட்டது. இவற்றையொட்டி ரசிகரிடையே மூண்ட சச்சரவைப் படித்தபோது, மாற்றம் வேண்டாமென்ற முதியோர் பக்கமே நானும் சாய்ந்தேன். ஐந்து நாட் கிரிக்கெற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவசரம் எதுவும் அழகாய்த் தோன்றுவதில்லை. தந்தையர் வகுத்த விதியிற் கைவைக்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தத் தந்தையர் யாரெனத் தேடப் புகுந்த வழியிலேதான் ஹென்றி சட்விக் என்பவரை அறிந்துகொண்டேன்.

பேஸ்போலின் தந்தையென்று அமெரிக்கா அழைத்த அம்மனிதர் அமெரிக்காவிற் பிறந்தவரல்லர். இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் 1824ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் சட்விக் பத்திரிகாசிரியர். முதல் தாரத்து மகனான எட்வின் சட்விக், ஹென்றிக்கு இருபத்துநான்கு வயது மூத்தவர். தொழிலாள மக்களின் சுகாதார நிலை பற்றி 1842இல் அறிக்கை எழுதி, குடிநீரும் வடிகாலும் அரசின் கடமையென்று இங்கிலாந்தை ஒப்புக்கொள்ளச் செய்த எட்வினைச் சரித்திர மாணவர் அறிவர். தமையனார் நகரங்களின் மரணங்களை எண்ணினார். தம்பியார் திடலில் விழுந்த ஓட்டங்களை எண்ணினார். எண்ணிப் பார்த்தாற் குறை தெரியும், குறை தெரிந்தால் திருத்தலாம் என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்தின் சொத்துப் போலும்.

1837இல் குடும்பம் கடல் கடந்து புரூக்ளின் நகரிற் குடியேறியது. இளைஞரான ஹென்றி சிறிது காலம் சங்கீதம் கற்பித்தார். பியானோவும் கித்தாரும் அவருக்குக் கைவந்தவை. பின்னர்ப் பேனா பிடித்து, நியூயோர்க்குப் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெற் நிருபரானார். அந்நாளில் அமெரிக்காவிலும் கிரிக்கெற் செல்வாக்குடன் இருந்தது என்பதை இன்று அமெரிக்கரே மறந்துவிட்டனர். 1856இல் ஒரு நாள், கிரிக்கெற் ஆட்டமொன்றைப் பார்த்துத் திரும்பும் வழியில், ஹட்சன் நதிக்கு மேற்கே ஹொபோக்கன் ஊரின் எலிசியன் திடலில் இரு கழகங்கள் பேஸ்போல் ஆடுவதைக் கண்டு நின்றார். அதற்கு முன்பும் அவர் அறிந்த ஆட்டமே அது; ஆயினும் அன்றுதான், அமெரிக்கரின் வேகத்துக்கும் பொறுமையின்மைக்கும் ஏற்ற விளையாட்டு இதுவென்று அவருக்குப் பட்டது.

அன்றைய பேஸ்போல் இன்றையதன்று. நிக்கர்பொக்கர் கழகத்தார் 1845இல் எழுதிய விதிகளின்படி, எந்தக் கட்சி முதலில் 21 ஓட்டம் பெறுகிறதோ அது வெல்லும். ஒன்பது இனிங்ஸ் என்ற எல்லை 1857இற் கழகங்கள் கூடிய மாநாட்டிலேதான் பிறந்தது. ஆட்டமே தொட்டிற் குழந்தை. சட்விக் விதிக்குழுவில் இடம்பெற்றார். கிளிப்பர் வார இதழில் ஓயாது எழுதினார். 1860இற் பீடில் நிறுவனத்தார் வெளியிட்ட பத்துச் சத விலைக் கையேட்டைத் தொகுத்தார்.

அவர் நடத்திய முதற் பெரும் போர் ஒரு பிடியைப் பற்றியது. அடிக்கப்பட்ட பந்து நிலத்தில் ஒருமுறை குத்தி எழுந்த பின்னர்ப் பிடித்தாலும் துடுப்பாளர் ஆட்டமிழந்தார் என்பது பழைய விதி. நம்மூர்ப் பிள்ளைகள் ஒழுங்கையிற் கிரிக்கெற் ஆடும்போது வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இதுதான். அவ்விதியைக் காக்க நின்றோரின் நியாயத்தையும் இலேசாகத் தள்ள முடியாது. அக்காலத்திற் கையுறை கிடையாது. எழுதுவினைஞரும் கடைக்காரரும் மாலை வேளையில் உடற்பயிற்சிக்காக ஆடிய ஆட்டம் அது. விரல் முறிந்தால் மறுநாள் அலுவலகத்திற் பேனா பிடிப்பது யார்? சட்விக் இறங்கவில்லை. குத்தி எழும் பந்தைப் பிடிப்பது சிறுவரின் வேலை. பறந்து வரும் பந்தைப் பிடிப்பதே தேர்ச்சி. கிரிக்கெற் வீரர் வெறுங்கையாற் பிடிப்பதைப் பேஸ்போல் வீரர் பிடிக்கவியலாதா என்பது அவர் வாதத்தின் சாரம். ஆண்டுதோறும் மாநாடு கூடியது. ஆண்டுதோறும் பிரேரணை தோற்றது. 1864 டிசெம்பர் மாநாட்டில் அது ஒருவாறு நிறைவேறி, மறுவருடம் முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழெட்டு ஆண்டுகள் ஒரே விடயத்தை ஒரு பத்திரிகைக்காரர் சலிக்காமல் எழுதுவதென்பது எழுதிப் பார்த்தோருக்குத்தான் விளங்கும்.

காலதாமதத்தின் கதை இதனினும் சுவையானது. அன்று பந்தெறிபவர் துடுப்பாளர் விரும்பும் இடத்துக்குப் பந்தைக் கீழ்க்கையால் இட்டுக்கொடுக்க வேண்டியவர். துடுப்பாளரோ மனத்துக்குப் பிடித்த பந்து வரும்வரை எத்தனை பந்தையும் விட்டுவிடலாம். இவர் அடிக்கமாட்டார், அவர் ஒழுங்காய் எறியமாட்டார், பார்வையாளர் பொழுது போய்விடும். ஆகவே, நல்ல பந்தை வேண்டுமென்றே விட்டவருக்கு நடுவர் தண்டனை கூறலாமென்ற விதி 1858இல் வந்தது. கெட்ட பந்தை எறிந்துகொண்டே இருப்பவருக்கான தண்டனை அதன்பின் ஐந்தாறு ஆண்டு கழித்து வந்தது. இன்று பேஸ்போலின் உயிர்நாடியென்று கருதப்படும் ஸ்றைக், போல் என்னும் இரண்டும் தாமதத்துக்கு மருந்தாகச் சேர்க்கப்பட்டவையே. இதைப் படித்ததும் 15 விநாடிக் கடிகாரத்தின்மேல் எனக்கிருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது. மறுபாதி இன்னும் இருக்கிறது.

ஆயினும், சட்விக்கின் பெயரை நிலைநிறுத்தியது அவர் வகுத்த அட்டவணை. கிரிக்கெற்றின் புள்ளிப் பட்டியலை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு வீரரும் எத்தனை ஓட்டம் பெற்றார், எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்தார் என்பதைச் சில அங்குல இடத்தில் அச்சிடும் முறையை அவர் செப்பனிட்டார். அடிதவறி ஆட்டமிழந்தவருக்குக் கே என்ற ஆங்கில எழுத்தைக் குறியாக இட்டவரும் அவரே; ஸ்றக் என்ற சொல்லின் கடைசி எழுத்து அது. திடலைக் காணாதவனும் காலைப் பத்திரிகையில் ஆட்டத்தைப் படிக்கலாயினான். யார் சிறந்தவர் என்ற திண்ணைச் சண்டைக்கு எண்கள் சாட்சியாக வந்தன.

கணக்குப்பிள்ளைக்கும் கணக்குப் பிழைப்பதுண்டு. நான்கு கெட்ட பந்துகளை விட்டுப் பொறுமையாக முதல் தளத்தை அடைபவருக்கு அதில் யாதொரு பெருமையுமில்லை, அது எறிபவரின் குற்றமே என்பது சட்விக்கின் துணிபு. துடுப்பாளரின் சராசரியில் அப்பொறுமைக்கு இடமில்லாமற் போனமைக்கு இந்த நோக்கும் ஒரு காரணம். அதன் பெறுமதியைப் புள்ளிவிபர ஆய்வாளர் எடுத்துரைத்து, கழகங்கள் அதற்கேற்ப வீரரைத் தெரிவுசெய்ய இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை செல்லவேண்டியிருந்தது. கட்சிக்குப் பத்துப்பேர், பத்து இனிங்ஸ் என்று 1870களில் அவர் முன்வைத்த திட்டத்தைப் பெருங்கழகங்கள் ஏற்கவில்லை. இன்றைய ரசிகர் எழுந்து நின்று ஆரவாரிக்கும் ஹோம் ரன் அடியும் அவருக்கு வீண் பலப்பிரயோகமாகவே பட்டது. முதுமையில் அவர் எழுத்தில் உபதேச வாடை சற்று மிகுந்தது உண்மை. பந்தயச் சூதாட்டத்தை அவர் கண்டித்தது மட்டும் அவ்வாறு தள்ளத்தக்கதன்று. லூயிவில் கழக வீரர் நால்வர் 1877இற் பணம் வாங்கித் தோற்றமைக்காக நீக்கப்பட்டபோது, அவர் நெடுநாளாக விடுத்த எச்சரிக்கை மெய்யாயிற்று.

அவருடைய கடைசி வழக்குத்தான் என்னை மிகவும் வருத்தியது. பேஸ்போல், இங்கிலாந்தில் தாம் சிறுவயதில் ஆடிய ரவுண்டேர்ஸ் என்னும் விளையாட்டிலிருந்து வளர்ந்ததென்று சட்விக் பல்லாண்டாக எழுதிவந்தார். அவரை எதிர்த்தவர் அல்பேற் ஸ்போல்டிங். முன்னாட் பந்தெறி வீரர், பின்னாள் விளையாட்டுப் பொருள் வணிகர். இந்த ஸ்போல்டிங் இரு கட்சி வீரருடன் உலகைச் சுற்றியபோது, 1889 ஜனவரியிற் கொழும்பிலும் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு திரும்பியோருக்கு நியூயோர்க்கில் விருந்தளிக்கப்பட்டது. மார்க் டுவைனும் வந்திருந்த அவ்விருந்தில் ஏ. ஜி. மில்ஸ் என்பவர், பேஸ்போல் முழுக்க முழுக்க அமெரிக்கச் சரக்கென்று பேச, சபையோர் ரவுண்டேர்சை மறுத்துக் கூச்சலிட்டனர்.

1903இல் ஸ்போல்டிங்கின் பெயரால் வெளிவந்த ஆண்டுக் கையேட்டில் சட்விக் தம் கொள்கையை மீண்டும் எழுதினார். அக்கையேட்டின் ஆசிரியரும் அவரே. முதலாளி வெகுண்டார், உண்மையைக் கண்டறிய ஒரு குழு 1905இல் அமைந்தது. அதன் தலைவர் யார்? விருந்திலே முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்ட அதே மில்ஸ். அப்னர் கிரேவ்ஸ் என்ற முதிய சுரங்கப் பொறியியலாளர், 1839இற் குப்பர்ஸ்ரவுன் ஊரில் அப்னர் டபிள்டே என்பவர் ஆட்டத்தை வகுத்தாரென்று கடிதம் எழுதினார். கிரேவ்சுக்கு அந்த ஆண்டில் ஐந்து வயது. டபிள்டேயோ அப்போது வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி மாணவர். பின்னர் உள்நாட்டுப் போரிற் புகழ்பெற்ற தளபதி. 1893இல் இறக்கும்வரை, தாம் பேஸ்போலைக் கண்டுபிடித்ததாக ஒரு வரியும் எழுதாதவர். போதாதா? தேசத்துக்கு ஒரு தளபதி கிடைத்தார். 1907 டிசெம்பர் 30ஆம் நாள் மில்ஸ் தீர்ப்பெழுதினார்.

1908ஆம் ஆண்டுக் கையேட்டில் அத்தீர்ப்பு அச்சாகியது. பதிப்பாசிரியர் ஹென்றி சட்விக். எழுபது ஆண்டு வாழ்ந்த நாட்டிலே தம் நினைவைப் பொய்யென்று கூறும் ஏட்டைத் தம் கையாலேயே வெளியிட நேர்ந்த முதியவர், மில்சுக்கு எழுதிய கடிதத்தில், அதனைத் திறமையான வக்கீல் வாதமென்று சிரித்துத் தள்ளினார். ஸ்போல்டிங்குடன் நட்பையும் முறிக்கவில்லை. எனக்கானால் அந்தப் பெருந்தன்மை வந்திராது.

டபிள்டே கதையைப் பிற்காலத்து ஆய்வாளர் கைவிட்டனர். ஆயினும் சட்விக் சொன்னதும் முற்றும் சரியன்று. 1744இல் இலண்டனில் வெளியான சிறுவர் நூலொன்றிலேயே பேஸ்போல் என்ற பெயர் அச்சிற் காணப்படுகிறது. ரவுண்டேர்ஸ் என்ற பெயர் அச்சேறியது அதற்கு நெடுங்காலம் பின்னர். ஆகவே ரவுண்டேர்ஸ் தாயன்று, உடன்பிறப்பே என்று டேவிட் புளொக் 2005இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இங்கிலாந்தே பிறந்தகம் என்ற அளவில் கிழவரின் ஞாபகம் பொய்க்கவில்லை.

1908 வசந்தத்தில், தடிமனைப் பொருட்படுத்தாது சட்விக் குளிரில் ஆட்டம் பார்க்கச் சென்றார். வீட்டிலே தளபாடங்களை நகர்த்தும் வேளையில் விழுந்தார். நிமோனியாக் காய்ச்சலால் ஏப்ரல் 20ஆம் நாள், எண்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். புரூக்ளினிலுள்ள கிறீன்வூட் மயானத்தில் அவர் சமாதியின் உச்சியிற் கல்லாலான ஒரு பந்து இருக்கிறது. 1938இல் அவர் பேஸ்போற் பெருமக்கள் மண்டபத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டார். டபிள்டேயின் கதையை நம்பி அம்மண்டபத்தைக் குப்பர்ஸ்ரவுனிலே கட்டினார்கள். டபிள்டே அதற்குத் தெரிவாகவில்லை; சட்விக்கின் பெயர் பொறித்த பலகை அங்கே சுவரில் இருக்கிறது.