பாய் மர்தானா: குருநானக்கின் பாடல்களுக்கு ரபாப் இசைத்த முஸ்லிம் கலைஞர் யார்?

கேமரன் மலை என்றதும் நமக்கெல்லாம் போ தேயிலைத் தோட்டமும், அங்கே கொழுந்து பறித்த நம்மவர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மலையில், தானா ராத்தாவில் சீக்கியர்களின் குருத்துவாரா ஒன்றும் இருக்கிறது. பொதுவாக எந்தக் குருத்துவாராவுக்குப் போனாலும் ஆர்மோனியமும் தப்லாவும்தான் காதில் விழும். ஆனால் சீக்கியக் கீர்த்தனையின் முதல் வாத்தியம் ரபாப். அதை வாசித்தவர் ஒரு முஸ்லிம்.

பாடிப் பிழைத்த குடும்பம்

மர்தானா 1459-ல் தல்வண்டியில் பிறந்தார் என்பது மரபுக் கணக்கு. இன்று பாகிஸ்தானில் இருக்கும் நன்கானா சாஹிப்தான் அந்த ஊர். பத்து வருடம் கழித்து அதே ஊரில் குருநானக் பிறந்தார்.

மர்தானாவின் சமூகம் மிராசி. வசதியானவர்கள் வீட்டு விசேஷங்களில் வம்சப் பெருமை பாடி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். பாட்டு வேண்டும், பாடுகிறவனுக்கு மரியாதை கிடையாது! நம்ம ஊர் பாணர்களை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். சம்பந்தர் தேவாரம் பாட, கூடவே ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்தாரே திருநீலகண்ட யாழ்ப்பாணர், கிட்டத்தட்ட அவர் இடம்தான் மர்தானாவுக்கும்.

ரபாப் என்பது மரத்தைக் குடைந்து, வாயில் தோல் போர்த்தி, நரம்புத் தந்தி கட்டி, சின்ன மீட்டுகோலால் வாசிக்கும் கருவி. பஞ்சாபி ரபாப் வேறு, இடை குறுகிய ஆப்கான் ரபாப் வேறு. மர்தானாவின் ரபாபைச் செய்து கொடுத்தவர் பாய் ஃபிரண்டா என்றும், அதற்குப் பணம் தந்தவர் நானக்கின் அக்கா நானகி என்றும் சொல்கிறார்கள்.

பசிக்கும் மனிதர்

இருவரும் இருபது வருடங்களுக்கு மேல் நடந்தார்கள். பாக்தாத் வரை போனார்கள். தெற்கே ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் வந்தார்கள் என்கிறது சீக்கிய மரபு. ராமேஸ்வரத்தில் அதன் நினைவாகக் குருத்துவாராவே இருக்கிறது.

ஜனம்சாகி எனப்படும் நானக்கின் வாழ்க்கைக் கதைகளில் மர்தானாவை ரொம்பப் பிடித்துப்போகக் காரணம் உண்டு. அவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், வீட்டு ஞாபகம் வரும், வெளிப்படையாகப் புலம்புவார். பஞ்சா சாஹிப் ஊற்றின் கதையே அவருடைய தாகத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் நானக்குக்குப் பாட்டு வரும்போது, முதலில் ரபாபை எடுக்கச் சொல்வது அவரிடம்தான்.

பாபரின் படை சைத்பூரைச் சூறையாடியபோது இருவரும் சிறைபிடிக்கப்பட்டதாகவும் அக்கதைகள் சொல்கின்றன.

1534-ல் கர்தார்பூரில் மர்தானா காலமானார் என்பது பரவலான நம்பிக்கை. வேறு இடம் சொல்பவர்களும் உண்டு. அவர் பெயர் சுட்டிய மூன்று சலோகங்கள் குரு கிரந்த் சாஹிபில் இடம்பெற்றுள்ளன.

1947-க்குப் பிறகு

அவர் வழியில் வந்த முஸ்லிம் பாடகர்கள் ரபாபிகள் எனப்பட்டனர். அமிர்தசரஸ் பொற்கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். பிரிவினை வந்தது, லாகூர் பக்கம் போனார்கள். அங்கே கேட்கச் சீக்கியர்கள் இல்லை, பாடினால் சோறும் இல்லை. பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

ரபாபும் கிட்டத்தட்ட மறைந்தது. அதற்கும் முன்பே, பிரிட்டிஷ் காலத்தில், ஆர்மோனியம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

2022 மே மாதம், சீக்கியர்களின் உயர்பீடமான அகால் தக்த், பொற்கோயிலில் மூன்று ஆண்டுகளுக்குள் ஆர்மோனியத்தை விலக்கித் தந்தி வாத்தியங்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அதில் ரபாபும் ஒன்று. ஆனால் ரேஹத் மர்யாதா எனும் சீக்கிய நடத்தை விதிகளின்படி, சபையில் கீர்த்தனை பாடும் உரிமை சீக்கியருக்கு மட்டுமே. ஆக, மர்தானாவின் வாத்தியம் உள்ளே போகலாம். முஸ்லிம்களாகவே இருக்கும் அவருடைய வழித்தோன்றல்கள் அங்கே உட்கார்ந்து பாட முடியாது.