வெள்ளைக்காரர் பேண்டும் முத்துசுவாமி தீட்சிதரும்



சங்கீத மும்மூர்த்திகள் என்று சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். நெற்றியில் திருநீறு, கையில் வீணை, சுவரில் மாட்டிய ஒரு படம்... அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த மூவரில் ஒருவர், சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டும் எழுதினவர் என்று தெரிந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர்!

1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். சியாமா சாஸ்திரி (1762), தியாகராஜர் (1767), தீட்சிதர் மூவரும் ஒரே ஊரில், பதினைந்து வருஷத்துக்குள் பிறந்தவர்கள் என்பது ஓர் அதிசயம். அப்பா ராமசுவாமி தீட்சிதர் சாதாரண ஆள் அல்ல. இன்றைக்கும் கச்சேரிகளில் முதலில் ஒலிக்கிற ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவரே. அந்த ராகத்தில் மகன் செய்ததுதான் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரக்காரர்கள் தவறாமல் வாசிக்கும் வாதாபி கணபதிம்.

மணலி முதலியார் என்ற செல்வந்தர் அழைத்ததால் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குக் குடிபோனது. அங்கே வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இந்தப் பிள்ளையை என்னோடு காசிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். பெற்றவர்களுக்கு மனசே இல்லை. ஆனாலும் குருவின் வார்த்தையைத் தட்ட முடியாமல் அனுப்பினார்கள். ரயில் இல்லாத காலம். நடையும் மாட்டு வண்டியும்தான்! காசியில் பல வருஷம் இருந்தார். வடநாட்டு துருபத் இசையை அங்கேதான் கேட்டார். நிதானமான, யானை நடை போன்ற அந்தப் போக்கு அவருடைய கீர்த்தனைகளில் கடைசிவரை இருந்தது.

குரு காசியிலேயே மறைந்தார். ஊர் திரும்பிய தீட்சிதர் திருத்தணி போனார். கோயிலில் ஒரு பெரியவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டதாகவும், அந்த நிமிஷமே பாட்டு பிறந்ததாகவும் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அன்று முதல் தன் பாட்டில் எல்லாம் குருகுஹ என்று முருகன் பெயரையே முத்திரையாக வைத்தார்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம்.

மணலி முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நெருக்கமான தொடர்பு உண்டு. அதனால் தீட்சிதர் சகோதரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய், கம்பெனி பட்டாளத்தின் பேண்டு இசையைக் கேட்க முடிந்தது. சிப்பாய்களின் அணிவகுப்பு மெட்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டு, நடன மெட்டு... இவையெல்லாம் தீட்சிதர் காதில் விழுந்தன. நம்ம சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் மேல்நாட்டார் மேஜர் ஸ்கேல் என்று சொல்வதும் ஒன்றுதான் என்பது அவருக்கு உடனே பிடிபட்டது. அந்த மெட்டுகளில் நம் தெய்வங்களைப் பாடினார். சுமார் 40 பாட்டுகள். நோட்டுஸ்வரம் என்று பெயர். வெள்ளைக்காரரின் ராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டு சந்ததம் பாஹிமாம் என்று அம்பாள் பாட்டாகிவிட்டது! ராஜாவுக்குப் பாடிய மெட்டை எடுத்து அம்பாளுக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது தெரியுமா? தீட்சிதரைவிட ஐந்து வயது மூத்தவர் பீத்தோவன். இலக்கணத்துக்குள் அடங்கி நின்ற இசையை மனிதனின் கோபம், துக்கம், தனிமை எல்லாவற்றையும் கொட்டும் இசையாக அவர் மாற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தொடர்ந்து ஷூபர்ட், ஷோபின், ஷூமன் என்று ஒரு பட்டாளமே வந்தது. ரொமான்டிக் காலம் என்று அதைச் சொல்கிறார்கள். அவர்கள் கிராமத்து மக்கள் பாட்டையும் ஆட்டத்தையும் தேடி எடுத்தார்கள். ஷோபின் தன் போலந்து நாட்டின் மசூர்கா ஆட்டத்தைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். பீத்தோவனே எடின்பரோ பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சன் கேட்டதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்பாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். வியன்னாவில் ஒருவர், மணலியில் ஒருவர். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இருவர் மேஜைக்கும் வந்த சரக்கு ஒரே சீமைச் சரக்கு!

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி செய்தது இன்னும் பெரிய காரியம். அண்ணன் மெட்டை எடுத்தார், தம்பி கருவியையே எடுத்தார். முதலியார் ஏற்பாட்டில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் படித்தார். அவர்கள் வயலினைத் தோளில் வைத்து, தாடையால் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். நம் வித்வான்களோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டார்கள். தந்திகளின் சுருதியையும் ஸ-ப-ஸ-ப என்று நமக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டினார்கள். வயலினில் வீணை மாதிரி மெட்டுக்கட்டைகள் கிடையாது. விரல் வழுக்கிக்கொண்டு போகலாம். நம் கமகத்துக்கு அது ரொம்பத் தோதாகிவிட்டது. தீட்சிதரின் சீடரான தஞ்சை வடிவேலு வயலினில் கொடிகட்டிப் பறந்தார். 1834-இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா?

தீட்சிதர் நோட்டுஸ்வரத்தோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. காஞ்சிபுரம், திருவாரூர் என்று கோயில் கோயிலாகப் போனார். ஐம்பூதத் தலங்களுக்குக் கீர்த்தனை, கமலாம்பாள் மீது நவாவரணம் என்று 400-க்கும் மேல் செய்தார். தம்பியப்பன் என்ற மத்தளக்காரச் சீடர் வயிற்று வலியால் துடித்தபோது, அவருக்காகக் குரு பகவான் மீது பாடிக் கொடுத்தார் என்றும், நவக்கிரகக் கீர்த்தனைகள் அப்படித்தான் பிறந்தன என்றும் சொல்வார்கள். தஞ்சை நால்வர், நாதஸ்வரக்காரர்கள், திருவாரூர் நாட்டியப் பெண் கமலம் என்று பலரும் அவரிடம் படித்தார்கள். பணத்துக்காக மனிதரைப் புகழ்ந்து பாட அவர் மனம் ஒப்பவில்லை. வீட்டிலே வறுமைதான்.

கடைசிக் காலத்தில், எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்த தம்பியைத் தேடிப் போனார். வழியில் வறண்ட கரிசல் பூமியைக் கண்டு அமிர்தவர்ஷிணி பாடினார், மழை கொட்டியது என்பது செவிவழிச் செய்தி. வானம் பார்த்த பூமியில் பிறந்த நம்ம கொங்குக்காரர்களுக்கு அந்தக் கதையின் அருமை தெரியும்! 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி நாள். மீனாட்சியம்மன் மீது அவர் செய்த கீர்த்தனையைச் சீடர்கள் பாடிக்கொண்டிருக்க, எட்டயபுரத்திலேயே உயிர் பிரிந்தது. அதே எட்டயபுரத்தில்தான் 47 வருஷம் கழித்துப் பாரதி பிறந்தான். பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட பெரிய நூலால்தான் 200-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் ஸ்வரத்தோடு நமக்குக் கிடைத்தன.

சரி, இதை எதற்கு டிப்ளமோ படிக்கிற நம்மிடம் சொல்கிறேன்?

நம்ம திருப்பூரைப் பாருங்கள். நிட்டிங் மெஷின் ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறது. சாம்பிள் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அவன் அனுப்பின சாம்பிளை அச்சு அசலாகத் தைத்துக் கொடுத்தால் ஆர்டர் நிற்கும். நாலு பேர் வீட்டில் அடுப்பு எரியும். அதில் கேவலம் ஒன்றுமில்லை. தீட்சிதரும் முதலில் வந்த மெட்டை வந்தபடியேதான் எடுத்தார். ஆனால் ஆயுசு முழுக்க அதையே செய்துகொண்டிருக்கவில்லை. நாம் இரண்டு வகையிலும் தடுக்கி விழுகிறோம். ஒன்று, வெளிநாட்டு மெஷின் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். பிரித்துப் பார்க்கக்கூடப் பயம். இல்லாவிட்டால் எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது என்று பெருமை பேசிவிட்டுத் தூங்கிவிடுகிறோம். தீட்சிதர் சகோதரர்கள் இரண்டையும் செய்யவில்லை. எதிரே இருந்ததைக் கூச்சமில்லாமல் கற்றார்கள், நம் உடம்புக்கும் நம் காதுக்கும் ஏற்றபடி திருப்பிக் கட்டினார்கள், பிறகு தங்களுடையதைச் செய்தார்கள்.

அடுத்த வருஷம் நம்மில் பலர் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்கப் போகிறோம். வயலினைத் தோளிலிருந்து இறக்கிக் கணுக்காலில் வைத்த அந்தத் துணிச்சல் நமக்கும் வரட்டும்!