தன் இதயத்தையே சோதித்த டாக்டர்

மாதம் நிறையாமல் பிறந்த, ஒரு கிலோகூட எடையில்லாத குழந்தையின் இதயக் கோளாறை இன்று மார்பைத் திறக்காமலே சரிசெய்ய முடிகிறது. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக நூல் போன்ற கதீட்டரை இதயம் வரை செலுத்துகிறார்கள். இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் வெர்னர் ஃபோர்ஸ்மன்.

இவர் 1904ல் பெர்லினில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தவர். தாயும் பாட்டியும் வளர்த்து, டாக்டருக்குப் படித்தார்.

1929ல் எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரின் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் குழாயைச் செலுத்துவது உயிருக்கே ஆபத்து என்று பலர் நம்பிய காலம் அது. கை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, இதயத்துக்கு நேரடியாக மருந்து தரலாம் என்றார் ஃபோர்ஸ்மன். தலைமை டாக்டர் அனுமதிக்கவில்லை.

இவரும் விடவில்லை. கெர்டா டிட்சன் என்ற நர்ஸ், என்மீதே செய்து பாருங்கள் என்று முன்வந்தார். அவரை மேஜையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, தன் இடது கையையே கீறிக் குழாயைச் செலுத்திக்கொண்டார் ஃபோர்ஸ்மன். குழாயோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். கண்ணாடியில் பார்த்தபடி 65 செ.மீ. வரை தள்ளினார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்ததை எக்ஸ்ரே காட்டியது.

பாராட்டுக்குப் பதில் வேலைதான் போனது. பெர்லினின் பெரிய மருத்துவமனையில் இடமில்லாமல், சிறுநீரக மருத்துவத்துக்கு மாறினார்.

இவர் கணக்கில் பற்றும் உண்டு. 1932ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். போரில் ராணுவ டாக்டராக இருந்து, அமெரிக்கர்களிடம் கைதியானார். அதை மறைத்து இவரைப் புகழ்வது சரியல்ல.

இதற்கிடையே நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் இவருடைய முறையை வளர்த்தெடுத்தார்கள். 1956ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஃபோர்ஸ்மன் அப்போது சிறிய ஊர் ஒன்றில் சிறுநீரக டாக்டர். 1979ல் காலமானார்.

குழந்தைகளுக்கு வருவோம். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலையில்லை. அதைத் தாண்டி ரத்தம் போக, இதயத்தின் அருகே ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிவிடும். குறைமாதக் குழந்தைகளில் பலருக்கு மூடாது. நுரையீரலில் ரத்தம் அதிகமாகி மூச்சு திணறும். காத்திருந்தாலோ மருந்து கொடுத்தாலோ பலருக்குச் சரியாகும். ஆகாதவர்களுக்கு, கதீட்டர் வழியாகப் பட்டாணியைவிடச் சிறிய அடைப்பான் ஒன்றை வைக்கலாம். 700 கிராம் குழந்தைக்கும் இதைப் பொருத்த அமெரிக்கா 2019ல் அனுமதி அளித்தது.

நம் வீடுகளில் யாருக்காவது இப்படிக் குழந்தை பிறந்தால், பயந்துவிட வேண்டாம். காத்திருப்பதா, மருந்தா, கதீட்டரா என்று குழந்தைகள் இதய நிபுணரிடம் கேளுங்கள். கேட்பதற்கு இத்தனை வழிகள் இருப்பதே பெரிய வரவு.