சாவியைத் திருப்பினால் கார் ஓடும்! வழி காட்டியவர் கெட்டரிங்

சாவியைத் திருப்புகிறோம். கார் புறப்படுகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம்.

1910-ம் ஆண்டு வாக்கில் அது அதிசயம்தான்! அந்தக் காலத்தில் காரின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலங்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கை எலும்பு முறியும். அதனால் பெண்களும் வயதானவர்களும் கார் ஓட்டவே தயங்கினார்கள்.

அந்தத் தொல்லையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். பழைய கார்களில் நாம் பார்க்கும் பாயிண்ட், காயில், பாட்டரி ஏற்பாட்டைக் காருக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தவரும் அவரே.

கண் நோய்

அமெரிக்காவில் ஒகையோ மாகாணம். அங்கே லவுடன்வில் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில், 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி கெட்டரிங் பிறந்தார்.

சிறு வயதிலேயே கண் பார்வை குறைவு. புத்தகத்தைத் திறந்தால் தலைவலி வந்துவிடும். ஆனாலும் படிக்கும் ஆசை விடவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார். கண் வலி முற்றியதால் படிப்பை நிறுத்தினார்.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தில் சேர்ந்து குழி தோண்டினார். சீக்கிரமே அந்தக் கூட்டத்துக்கே மேஸ்திரி ஆனார். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த ஆலிவ் என்ற பெண்ணைச் சந்தித்ததும் அப்போதுதான். பிற்பாடு அவரையே மணந்தார்.

கண் வலி சற்றுத் தணிந்ததும் மீண்டும் கல்லூரிக்குப் போனார். கூடப் படித்தவர்கள் பாடங்களை வாசிக்க, இவர் காதால் கேட்டுப் படித்தார். 1904-ல் என்ஜினீயர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27.

கொட்டகையில் ஆராய்ச்சி

டேட்டன் நகரில், கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதுவரை கல்லாப்பெட்டியைக் கையால் சுற்றித் திறந்தார்கள். கெட்டரிங் அதற்குள் ஒரு சிறு மின்சார மோட்டாரை வைத்தார். விரலால் தொட்டால் பெட்டி திறந்தது.

அங்கே அவருக்கு எட்வர்டு டீட்ஸ் என்ற நண்பர் வாய்த்தார். டீட்ஸ் வீட்டின் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. மாலையில் வேலை முடிந்ததும் நண்பர்கள் அங்கே கூடி, காருக்கு வேண்டிய கருவிகளைச் செய்து பார்த்தார்கள். 1909-ல் கெட்டரிங் வேலையை விட்டார். டெல்கோ கம்பெனி பிறந்தது.

முதலில் செய்தது பொறி உண்டாக்கும் கருவி. 1910-ம் ஆண்டு காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது.

அடுத்தது ஸ்டார்ட்டர். என்ஜினைச் சுற்றும் மோட்டார் என்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்று பலர் தலையை ஆட்டினார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்தார். சில விநாடிகள் மட்டும் வேலை செய்யவேண்டிய மோட்டார் சிறிதாக இருந்தாலும் போதுமே! 1912-ம் ஆண்டு காடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டருடன் வந்தன. கைப்பிடி மெல்ல மறைந்தது.

பொறி எப்படி வருகிறது?

வேகமாக ஓடும் தண்ணீரைப் படக்கென்று அடைத்தால் குழாய் அதிரும் அல்லவா? மின்சாரமும் அப்படித்தான். காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறும். அது பிளக்கில் பொறியாகத் தாவிப் பெட்ரோலைக் கொளுத்தும்.

அப்படித் துண்டிப்பதுதான் பாயிண்டின் வேலை. இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் சேர்வதும் பிரிவதுமாக இருக்கும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பாயிண்ட் 6,000 தடவை திறந்து மூடவேண்டும்!

தேயாமல் என்ன செய்யும்? பொட்டு கருகும். இடைவெளி மாறும். பொறி வரும் நேரம் தவறும். கார் காலையில் கிளம்பாது. பெட்ரோலும் அதிகம் குடிக்கும். மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரி செய்வார். அம்பாசடர் காரும் புல்லட்டும் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

புகழும் பழியும்

கெட்டரிங் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். டீசல் ரெயில் என்ஜினை வளர்த்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் அமைய உதவினார். ஸ்லோன் பெயரும் அவர் பெயரும் சேர்ந்த அந்த நிலையம் 1945-ல் தோன்றியது. மறு வருஷமே அவர் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று.

நல்லதை மட்டும் சொல்லி, கெட்டதை மறைப்பது நியாயம் அல்ல. 1921-ல் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் பெட்ரோலில் ஈயச் சரக்கைக் கலக்கும் வழி கண்டார்கள். என்ஜின் இடிக்கும் சத்தம் நின்றது. ஆனால் ஈயம் விஷம். 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் மாண்டார்கள். அதன் பிறகும் கெட்டரிங் அதை ஆதரித்தே வாதாடினார். ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்பது பிற்பாடு உறுதியாயிற்று. இந்தியா 2000-ம் ஆண்டிலும், கடைசி நாடான அல்ஜீரியா 2021-லும்தான் அந்தப் பெட்ரோலை நிறுத்தின.

பாயிண்டுக்கு ஓய்வு

1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி, 82-வது வயதில் கெட்டரிங் காலமானார்.

ஐந்தே ஆண்டுகளில், 1963-ல், அவர் தொடங்கிய டெல்கோவின் பெயர் தாங்கிய கம்பெனியே போண்டியாக் கார்களுக்கு டிரான்சிஸ்டர் முறையைக் கொடுத்தது. 1975-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பாயிண்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

புதிய முறையில் காந்தம் சுற்றுகிறது. ஒரு சிறு கருவி அதை உணர்கிறது. டிரான்சிஸ்டர் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஒன்றோடு ஒன்று உரசுவதில்லை. ஆகவே தேய்வதும் இல்லை.

பழைய காரிலும் இதைப் பொருத்தலாம். பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் கருவியை வைக்கிறார்கள். அதற்கு முன்பு சிலவற்றைக் கவனிக்கவேண்டும். சில பழைய கார்களில் பாட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதற்கு ஏற்ற கருவியை வாங்கவேண்டும். காயிலும் கருவிக்குப் பொருந்தவேண்டும். பொருத்திய பின் பொறி வரும் நேரத்தைச் சரிபார்க்கவேண்டும். என்ஜின் ஓடாதபோது சாவியைத் திருப்பியே வைத்தால் சில கருவிகள் எரிந்துபோகும். கழற்றிய பாயிண்டை எறியாமல் டிக்கியில் வைத்திருந்தால், நடுவழியில் கருவி பழுதானால் கை கொடுக்கும்.

பாயிண்ட் போய்விட்டது. ஆனால் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி எழுப்பும் வழி, அன்று கொட்டகையில் காருக்கு ஏற்றபடி அமைந்ததுதான். கண் தெரியாமல் தடுமாறிய பண்ணைப் பையன் மூட்டிய பொறி அது. அதே மனிதர் விட்ட புகையையும் உலகம் சுவாசித்தது. இரண்டையும் நினைவில் வைப்போம்.